கண்ணாடிக் காசு

அன்றைக்குப் போனவர்கள் ஆறு பேர். என் அண்ணன். அண்ணன் பெண்சாதி, நான் மதினி என்று கூப்பிடுவேன். அவர்களுடைய ஒரே மகள், வயது பதின்மூன்று. நான். என் மகள், பத்து முடிந்து மூன்று மாதம். என் மகன், ஆறு வயது. என் வீட்டுக்காரர் வரவில்லை, அவருக்குத் தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை. இதை ஏன் இவ்வளவு சரியாகச் சொல்கிறேன் என்றால், பிறகு மதினி சொந்தக்காரர்களிடம் சொன்னபோது தோட்டத்திலிருந்து ஒரு லொறி ஆள் வந்து இறங்கி ஆளுக்கொரு கண்ணாடியைப் போட்டு நொறுக்கியது மாதிரிச் சொன்னார். ஆறு பேர்தான். உடைந்ததும் ஒரே கண்ணாடிதான்.

நாங்கள் கண்டிப் பக்கம் வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், லயத்தில் இருந்தோம். நான் ஏழாம் வகுப்போடு நின்று கொழுந்தெடுக்கப் போனவள். என் மகள் அந்த வருஷம் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனையில் பாஸாகி, கண்டி டவுனில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்கிற அளவுக்குப் புள்ளி எடுத்திருந்தாள். எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அவள் ஒருத்திதான். ஆனால் லயத்திலிருந்து தினமும் போய் வர முடியாது. முதல் பஸ் எங்கள் பக்கம் வருவதற்குள் அங்கே மணி அடித்துவிடும். டவுனை ஒட்டி மஹய்யாவையில் இருக்கும் அண்ணன் வீட்டில் தங்கினால் நடந்தே போகலாம். அண்ணன் உடனே சரி என்றார். அந்த வீட்டில் அண்ணன் சரி சொல்லி எதுவும் நடந்ததில்லை. மதினி போனில், "பாப்போம். ரெண்டு புள்ளைங்களும் மொதல்ல ஒரு நாளு ஒண்ணா இருந்து பாக்கட்டும். லீவுல வாங்க, டவுன சுத்திக் காட்டுறோம்" என்றார்.

சுற்றிக் காட்டத்தான் கூப்பிடுகிறார் என்று என் வீட்டுக்காரர் நம்பினார். எனக்கு இரண்டு வாரம் ஒழுங்கான தூக்கம் இல்லை.

நான் பயந்த ஆள். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வெளியே கிளம்பினால் பாதி வீடு என் பையில் இருக்கும். அன்றைக்கு அதில் இருந்தவை: ரொட்டி வைத்த எவர்சில்வர் பெட்டி, தண்ணீர்ப் போத்தல், மகனுக்கு மாற்றுக் கால்சட்டை, தைலம், ஒரு பாக்கெட் ஒட்டுப்பொட்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு பிளாஸ்டிக் உறையில் சுற்றிய மகளின் சோதனைப் பெறுபேறு. அந்தத் தாள் தொலைந்தால் பாஸானதே இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம்.

பஸ்ஸில் போகும்போதே அவளுக்குப் பாடம் நடத்தினேன். "அத்த வீட்ல தண்ணி கேட்டுக் குடி. கதிரைல காலத் தூக்கி வைக்காத. ரெண்டாந்தரம் சோறு கேக்காத. அவங்க என்னா சொன்னாலும் சரின்னு சொல்லு."

"மூச்சு விடலாமாம்மா?" என்று கேட்டாள். அப்படியெல்லாம் பேசுவாள் அப்போது.

அவள் காலில் புதுச் சப்பாத்து. ஜனவரியில் பள்ளிக்கூடத்துக்குப் போட என்று முன்கூட்டியே வாங்கியது. வேறு நல்ல செருப்பு இல்லாததால் அதைப் போட்டுவிட்டேன். கண்டி வாவிக்கரையில் எங்களுக்காக நின்றிருந்த மதினி முதலில் பார்த்தது அதைத்தான்.

"என்னா புள்ள, வெள்ளச் சப்பாத்து? பள்ளிக்கூடம் இன்னிக்கே தொறந்துட்டாங்களா? எங்கள யாருமே கேக்கலயே!"

அண்ணன் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். என் மகள் என்னைப் பார்த்தாள். நான் மதினியோடு சேர்ந்து சிரித்தேன்.

அண்ணன் கூட்டிப்போன கண்ணாடி வழி இருந்தது ஒரு கடைக் கட்டடத்தின் மேல்மாடியில். உள்ளே போனால் சுவரெல்லாம் ஆளுயரக் கண்ணாடி. எது வழி, எது கண்ணாடி என்று தெரியாமல் சுற்றிச் சுற்றி மறுபக்கம் வெளியே வர வேண்டும். அதற்கு டிக்கெட். ஒரு டிக்கெட் எனக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். ஆறு டிக்கெட்டையும் அண்ணன் எடுத்தார். "மூணு நாள் சம்பளத்த மூஞ்சியப் பாக்கக் குடுக்கிறாரு உங்கண்ணன்" என்று மதினி எனக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

வாசலில் நின்ற பையன் அரைகுறைத் தமிழில் பேசினான். எல்லாருக்கும் கையில் போட மெல்லிய பொலித்தீன் உறை கொடுத்தான். கண்ணாடியில் கைபடக் கூடாது, ஓடக் கூடாது, பை கொண்டு போகக் கூடாது.

"பை வேணாம் அக்கா. இங்க வைங்க. நாங்க பாக்கிறது."

அந்தத் தாளை யாரோ ஒரு பையனிடம் விட்டுவிட்டு எப்படிப் போவது? முடியாது என்று கையெடுத்துக் கும்பிட்டேன். மதினி, "விடுங்க தம்பி. உள்ள வைரம் வச்சிருக்காங்க" என்றார். அவன் சிரித்துக்கொண்டு விட்டுவிட்டான். அன்று அவன் சிரிக்காமல் பையைப் பிடுங்கி வைத்திருக்கலாம்.

அண்ணனும் மதினியும் முன்னால் போய்விட்டார்கள். நான் மகன் கையைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் என் மகள். பின்னால் அண்ணன் மகள். மூன்று எட்டு வைப்பதற்குள் எனக்கு வாசல் எந்தப் பக்கம் என்பது மறந்துவிட்டது.

எங்கள் லயத்தில் எந்த வீட்டுக் கண்ணாடியைப் பார்த்தாலும் ஓரத்தில் நாலு பொட்டு ஒட்டியிருக்கும். குளிக்கப் போகும்போது நெற்றியிலிருந்து எடுத்துக் கண்ணாடியில் ஒட்டுவோம், வந்ததும் எடுத்து நெற்றியில் வைப்போம். கண்ணாடியைக் கண்டால் பொட்டு ஒட்டுவது எங்கள் கைக்குப் பழகிப்போன வேலை. எனக்கு அப்போது தோன்றியதும் அதுதான். ஒவ்வொரு திருப்பத்திலும், திரும்பின பக்கத்துக் கண்ணாடியில் ஒரு பொட்டு ஒட்டிவிட்டால், வழி தவறினாலும் பொட்டைப் பார்த்துத் திரும்பி வந்துவிடலாம். கை உறையைக் கழற்றினேன்.

"அம்மா, தொடக்கூடாதுன்னு சொன்னாங்க. போர்டுலயும் போட்டிருக்கு."

"போர்டு படிச்சவங்களுக்கு. நீ பேசாம வா."

ஒன்பது பொட்டு ஒட்டினேன். மெரூன் நிறம், நடுத்தர அளவு. பாக்கெட்டில் ஒரு வரிசை ஒன்பது, அதனால் நினைவிருக்கிறது.

பிறகு திரும்பிப் பார்த்து வந்தால், பொட்டு இருக்கிற பக்கமெல்லாம் அடைப்பு. வந்த வழி என்று நம்பிப் போனால் என் முகமே எதிரே வருகிறது. தடுப்புக்கு அந்தப் பக்கம், வெளியே போய்விட்ட மதினியின் குரல் கேட்டது.

"இன்னும் சுத்துறாங்களா? கொழுந்துக் காட்டுல வழி தெரியுதாம், இதுல தெரியலயாம்! கங்காணிய அனுப்பவா புள்ள?"

அண்ணனும் சிரித்தார். அவர் சிரிப்பு எனக்குத் தெரியும்.

அந்த நேரம்தான் என் கையில் மகன் கை இல்லை என்று தெரிந்தது. எல்லாக் கண்ணாடியிலும் நான் இருக்கிறேன், என் மகள் இருக்கிறாள், அவன் இல்லை. கூப்பிட்டேன். பதில் இல்லை.

"அம்மா, ஓடாதீங்க. கைய முன்னால நீட்டிக்கிட்டு மெதுவா வாங்கம்மா" என்று மகள் என் சேலையைப் பிடித்தாள். நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். தூரத்தில் ஒரு பொட்டு தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் நீளமாக ஒரு வழி. நான் ஒட்டின பொட்டு, நான் வந்த வழி. பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினேன்.

அது வழி இல்லை. எவர்சில்வர் பெட்டியின் மூலை முதலில் இடித்தது, பிறகு என் நெற்றி. துப்பாக்கி வெடித்த மாதிரிச் சத்தம். நான் உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி கீழே விழவில்லை. மேலிருந்து கீழ்வரை மரக்கிளை மாதிரி விரிசல் ஓடி நின்றது. உடைத்தது நான். இதை இதற்கு முன் எழுதியும் சொன்னதில்லை, வாயாலும் சொன்னதில்லை.

என் மகள் ஓடி வந்து பையை எடுத்தாள். சிதறின தாள்களைப் பொறுக்கி, பெறுபேறு நனைந்திருக்கிறதா என்று பார்த்து, உள்ளே வைத்துப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, லேஞ்சியால் என் நெற்றியைத் துடைத்தாள். அப்போது பின்னால் சிரிப்புச் சத்தம். அண்ணன் மகள். ஒரு கையால் என் மகன் வாயைப் பொத்திப் பிடித்திருந்தாள். அவனும் அது விளையாட்டு என்று குதித்துக்கொண்டிருந்தான். அவளுடைய இன்னொரு கையில், முழங்கைக்குக் கீழே, எனக்குப் பின்னாலேயே வந்து அவள் உரித்தெடுத்த என் பொட்டுகள் வரிசையாக.

"அத்த மூஞ்சியப் பாக்கணுமே! அய்யோ, போன் கொண்டாராமப் போயிட்டேனே!"

வாசல் பையனும் மேனேஜரும் வந்தார்கள். பின்னால் அண்ணனும் மதினியும். மேனேஜர் விரிசலைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பை என் மகள் தோளில் இருந்தது.

"யாரு உடைச்சது?"

தோட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய ஆள் எதையாவது உடைத்தால் சம்பளத்தில் வெட்டுவார்கள். பிள்ளை உடைத்தால் கங்காணி தலையில் ஒரு குட்டு வைத்துத் துரத்திவிடுவார், அதோடு முடிந்தது. என் புத்தி அந்த ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டது. டவுனிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

"சின்னப் புள்ள சார். ஓடி வந்து மோதிருச்சு. தெரியாமச் செஞ்சிருச்சு."

அவர்கள் நம்ப வேண்டுமே என்று அவள் கன்னத்தில் ஒன்று வைத்தேன். மெதுவாக அடிக்கத்தான் நினைத்தேன். கை பலமாக இறங்கிவிட்டது.

அவள் அழவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. எதிர்க் கண்ணாடியில் இருந்த என்னைப் பார்த்தாள்.

பையன் கண்ணாடியிலிருந்து மூன்று பொட்டை உரித்துக் காட்டினான். மதினி குனிந்து, "இதுவும் நீதானா?" என்று கேட்டார்.

"ஆமா அத்த" என்றாள் என் மகள்.

நான் சொல்லிக் கொடுத்ததுதானே. என்ன சொன்னாலும் சரி என்று சொல்லச் சொன்னேன்.

ஒன்பதில் மூன்று போக மிச்சம் ஆறு எங்கே என்று யாரும் கேட்கவில்லை. மதினி தன் மகளின் கையைப் பார்த்தார். பார்த்தார் என்று எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் அவள் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டு வரை இறக்கிவிட்டார். அவருடைய மகளைக் காட்டிக் கொடுத்துவிட்டு என் மகளை அவர் வீட்டில் எப்படி விடுவது?

பிள்ளை என்பதற்காக மேனேஜர் எதையும் குறைக்கவில்லை. பிள்ளையானாலும் கண்ணாடியின் விலை ஒன்றுதான் என்றார். அண்ணன் கெஞ்சிக் கெஞ்சிப் பதினையாயிரத்தில் நிறுத்தினார். கீழே போய் மெஷினில் காசெடுத்து வந்து கட்டினார். ரசீதை மதினி வாங்கித் தன் பையில் வைத்தார்.

பகல் சாப்பாடு ஒரு சின்னக் கடையில். என் மகளுக்கு ஒரு கன்னம் மட்டும் சிவந்திருந்தது. மதினி பருப்பைப் பிசைந்துகொண்டே பேசினார்.

"அமைதியான புள்ளன்னு சொன்னீங்க. பெத்த தாயே இப்புடிப் போட்டு அடிக்கிற அளவுக்கு இருக்கும்னு நான் நெனைக்கல. எங்க வீட்டு அலுமாரிலயும் ஆளுயரக் கண்ணாடி இருக்கு புள்ள. நாளைக்கு அதுக்கு யாரு பதில் சொல்றது?"

அண்ணன் தண்ணீர் குடித்தார்.

"மதினி..." என்றேன்.

"சொல்லுங்க."

நான்தான் உடைத்தேன் என்று அப்போது சொல்லியிருக்கலாம். சொன்னால், உடைத்தவளும் நான், பொய்க்காரியும் நான், அந்தப் பொய்க்குப் பிள்ளையை அடித்தவளும் நான். அப்படிப்பட்டவளின் பிள்ளையை மட்டும் வைத்துக்கொள்வார்களா? இப்படி நாலு பக்கமும் யோசித்து யோசித்து, "அப்பளம் வேணுமா மதினி?" என்று கேட்டேன்.

"தோட்டத்துப் பள்ளிக்கூடத்துலயும் படிக்கத்தானே செய்றாங்க" என்றார் அவர். முடிந்தது.

பஸ்ஸில் மகன் தூங்கிவிட்டான். மகள் குனிந்து சப்பாத்தைக் கழற்றி, அடிப்பக்கத்தை விரலால் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு நாளுதானேம்மா போட்டேன். திருப்பிக் குடுத்தா எடுப்பாங்களா?"

அடுத்த வாரம் வத்தேகமைக் கடையில் கேட்டேன். எடுக்க மாட்டோம் என்றார்கள். அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்கே அதைப் போட்டுக்கொண்டு போனாள், பெருவிரல் முட்டும் வரைக்கும். அங்கே அந்த வகுப்புகளுக்குக் கணக்குக்கு வாத்தியார் இல்லாத வருஷங்கள் அவை. பதினோராம் வகுப்புச் சாதாரண தரச் சோதனையில் கணக்கில்தான் தவறினாள்.

இப்போது கண்டியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். மதினி திருப்பிக் கேட்ட அந்தப் பதினையாயிரத்தில் அவள் சம்பாதிப்பதற்கு முன்னால் நான் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது நாலாயிரம். வீட்டுக்காரருக்கு முதுகு வலி வந்ததும் அது நின்றுபோனது. முதல் சம்பளத்திலிருந்து அவள் கட்டுகிறாள். மாதம் ஐந்நூறு, மஹய்யாவைக்கு நடந்து போய், மதினி கையிலேயே கொடுக்க வேண்டும். அனுப்பினால் மதினி வாங்க மாட்டார். நேரில் வரச் சொல்வார். பதின்மூன்று மாதமாக ஒவ்வொரு தடவையும் காசை எண்ணிவிட்டு, "ஒடைக்கும்போது இது தெரியலயா புள்ள?" என்று கேட்பாராம். "தெரியல அத்த" என்று சொல்லிவிட்டு வருவாளாம். அண்ணன் மகள் உள்ளறையில் இருந்துகொண்டு சிரிப்பாளாம். அவளுக்கு இப்போது மாப்பிள்ளை பார்க்கிறார்கள்.

என் மகள் இதுவரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் அழுது தீர்த்திருப்பேன். அந்த வசதியை அவள் எனக்குத் தரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை லீவில் வந்தவளிடம் நானாகவே போய், "அத்த என்னா சொன்னாங்க?" என்றேன்.

"வழக்கமாக் கேக்கிறதத்தான்."

"நீ என்னா சொன்ன?"

"வழக்கமாச் சொல்றதத்தான்."

நான் அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். அவள் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து தலை சீவினாள். எங்கள் கண்ணாடி அவளுக்குப் பின்னால் சுவரில் தொங்குகிறது. அவள் அதைப் பார்த்துத் தலை சீவுவதில்லை. இன்னும் எவ்வளவு மிச்சம் என்று கேட்டேன், தெரியாத மாதிரி.

"நாலாயிரத்து ஐந்நூறு" என்றாள்.