பதினெட்டு இஞ்ச் ஃபேன் கேட்ட வீடு

தூத்துக்குடியில் கூரை வெக்கையை வெளியே தள்ளும் எக்ஸாஸ்ட் ஃபேன் விற்கிற ஒரு டீலரிடம் சைட் இன்ஜினியராக இருந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் சைஸ் கணக்கு எப்படி என்று கேட்கிறார்கள். கணக்கு சுலபம். ஜெபராஜ் அண்ணாச்சி வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணாச்சி உப்பு வியாபாரி. கீழ்வீட்டில் அவர் குடும்பம். மாடியில் தம்பி சாமுவேல். ஹார்பரில் சரக்கு இறக்கும்போது விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டு, படுத்த படுக்கையானவர். மேலே தகர ஷீட், கீழே ஃபால்ஸ் சீலிங். நடுவில் அடைபட்ட மச்சுக்குள் மத்தியானம் தலையை நீட்டினேன். முகம் எரிந்தது.

சாமுவேலின் மனைவி கிரேஸ் அவர் முதுகை ஈரத்துணியால் ஒற்றிக்கொண்டிருந்தாள். "வேர்வையில புண்ணு ஆறவே மாட்டேங்குதுக்கா."

மாடி எண்ணூறு சதுர அடி. அதை பாயிண்ட் ஏழால் பெருக்கி, தகரக் கூரை என்பதால் கொஞ்சம் கூட்டினால், நிமிஷத்துக்கு அறுநூற்று ஐம்பது கன அடி காற்று. மச்சின் பின்சுவரில் பன்னிரண்டு இஞ்ச் ஃபேன் தாராளம். ஆனால் வெளிக்காற்று மச்சுக்குள் வர எதிர்ச்சுவரில் இரண்டரை சதுர அடி திறப்பு வேண்டும்.

அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்கேன். இன்னொரு ஓட்டை போடுத வேலையே வேண்டாம். கோடவுனுக்குப் போடுத பதினெட்டு இஞ்சையே மாட்டும்மா."

"உள்ள வர வழியில்லாம பெருசா மாட்டினா, வீட்டுக் காத்தைத்தான் இழுக்கும் அண்ணாச்சி."

"அத்தான், அந்தக்கா சொல்லுதது..." என்று கிரேஸ் அண்ணாச்சியிடம் ஆரம்பித்தாள்.

"ஏளா, நீ சும்மா இரு. வீடு யாரு வீடு?"

மேனேஜரிடம் சொன்னேன். "கஸ்டமர் கேட்டதைக் குடுங்க மேடம்," என்றார். ஆள் அனுப்பி மாட்டினார்.

அடுத்த வாரமே கிரேஸ் போன் செய்தாள். "கீழ மீன் பொரிச்சா புகை பூரா இங்கன வருதுக்கா. இவுகளுக்கு இருமல் நிக்கல."

போய்ப் பார்த்தேன். சீலிங் இடுக்கு வழியாக மாடி அறையின் காற்றை ஃபேன் உறிஞ்சியது. அந்த இடத்துக்கு மாடிப்படி வழியே கீழ்வீட்டுக் காற்று ஏறி வந்தது. இப்போதாவது சுவரைத் திறக்கச் சொன்னேன். அண்ணாச்சி கேட்கவில்லை. கீழே ஏசி குளிரவில்லை என்று ஃபேனின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டார். நான் கொடுத்த ஃபேன் மட்டம் என்று ஊரெல்லாம் சொன்னார்.

கிரேஸ் புருஷனை சாயர்புரத்தில் தன் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அதற்குள் படுக்கைப்புண் முற்றியிருந்தது. சாமுவேல் அங்கேயே இறந்தார்.

கொஞ்ச காலம் கழித்து அண்ணாச்சி கூப்பிட்டார். "மவன் கல்யாணம் முடிஞ்சு மாடிக்கு வாரான். வெக்கை தாங்க மாட்டான். ஓட்டை எங்கன போடணும், சொல்லு."

சுவரில் சாக்பீஸால் கோடு போட்டுக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் கொத்தனாரை வரச் சொன்னார். தம்பி பேரை அவர் எடுக்கவில்லை. அவர் கொடுத்த காப்பியைத் தொடாமல் கிளம்பினேன்.

தம்பி தங்கைகளே, காற்று உள்ளே வர வழி விடாத வீட்டில் எந்த சைஸ் ஃபேனும் மாட்டாதீர்கள். மேனேஜர் கத்துவார். கத்தட்டும்.