வயிற்றை உள்ளே இழுக்கச் சொன்னேன்

குதிரையேற்றம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்த அன்றைக்கு எனக்கே குதிரையேறத் தெரியாது. இதை இத்தனை வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. இப்போது ஐம்பத்து இரண்டு வயது. வேலையை விட்டு யாரும் துரத்த முடியாத வயது என்பதால் தைரியமாக எழுதுகிறேன்.

1. வாத்தியார் ஆன கதை

அப்போது மலாக்கா பக்கம், மஸ்ஜித் தானாவிலிருந்து உள்ளே போனால் வரும் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சைஸ். குதிரையைக் குளிப்பாட்டுவது, புல் வெட்டிப் போடுவது, சாணம் அள்ளுவது, சேணம் பூட்டுவது, தோட்டத்து வெள்ளைக்காரத் தொரை ஏறும்வரை கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது எல்லாம் சைஸ் வேலை. அவர் ஏறியதும் நான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். இருந்தது ஒரே குதிரை. ரூபி என்று பெயர். பந்தயத்தில் ஓடித் தோற்றுத் தோற்று, கடைசியில் எங்கள் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. நானும் பள்ளிக்கூடத்தில் தோற்றுத்தான் வந்தேன். அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

அது மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டில் இருந்து சண்டை போட்ட அவசரகாலம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் மறுநாள் விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத்தான் திறப்பார்கள். ஆறு மணிக்கு மேல் வெளியே நிற்கிறவனைச் சுட்டாலும் கேட்பார் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மேல் டிவிசனுக்குப் போகிற மரப்பாலத்தைக் காட்டில் இருந்தவர்கள் எரித்துவிட்டார்கள். லாரி போக வழி இல்லை. மேல் டிவிசனில் நாற்பது குடும்பம் இருந்தது. பிள்ளைகளுக்கு வரிசையாகக் குளிர்காய்ச்சல். மருந்து கொடுக்க வேண்டியவர் எங்கள் டிரஸ்சர், சூசை ஐயா. நாற்பது வயது, ஒல்லியான மனிதர். குழந்தைக்கு ஊசி போடும்போது தன் முகத்தைச் சுளித்துக்கொள்வார், வலி தனக்கு வந்தாற்போல. அவர் ஆற்றில் இறங்கி, மேட்டில் ஏறி நடந்து போனால் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகும். திரும்பிவர அதே நேரம். கேட் பூட்டுவதற்குள் வந்தாக வேண்டும் என்பதால், பாதிப் பிள்ளைகளைப் பார்க்காமலே திரும்புவார்.

ஒருநாள் தொரை லாயத்துக்கு வந்தார். அவர் தமிழ் பேசுவார். அவருக்கு அதில் பயமே கிடையாது.

"மாணிக்கம்! டிரஸ்சர் குதிரெ மேலே போகணும். நீ சொல்லிக் குடுக்குறான். மூணு வாரம். முடியும்?"

"முடியும் தொரை."

"உனக்கு நல்லா தெரியும்?"

"நல்லாத் தெரியும் தொரை."

என் வாய் அப்படித்தான். உடம்பின் மற்ற பாகங்களைக் கேட்காமலே பதில் சொல்லிவிடும். எனக்குத் தெரிந்த குதிரையேற்றம், லாயத்திலிருந்து ஆற்றுக்குக் குளிப்பாட்டக் கூட்டிப்போகும்போது யாரும் பார்க்காத நேரமாக ரூபியின் முதுகில் தொற்றிக்கொள்வதுதான். அதுவும் நடை வேகத்தில், பிடரி மயிரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு.

2. கார்ப்பரல் பாடம்

சேணத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று யோசித்தேன். நிமிர்ந்து உட்கார வேண்டும். அது பார்த்தாலே தெரிகிறது. எப்படி நிமிர்வது? அதற்கு எனக்கு ஒரே ஒரு படிப்பு இருந்தது, ஹோம் கார்டு படிப்பு.

வாரத்தில் ஒருநாள் தோட்டத்து ஆம்பளைகளை எல்லாம் திடலில் நிறுத்தி டிரில் எடுப்பார்கள். மலாய்க் கார்ப்பரல் ஒருவர் பிரம்போடு வருவார். "டாடா கெ டெப்பான்! பெருட் மாசோக்!" என்று கத்துவார். நெஞ்சு முன்னே, வயிறு உள்ளே. இருபத்து நாலு வயதிலேயே என் வயிறு வயசுக்கு மீறி வளர்ந்திருந்தது. கார்ப்பரல் வேறு யாரையும் பார்க்கமாட்டார், நேரே என்னிடம் வந்து பிரம்பு நுனியால் தொப்புளில் குத்துவார். நான் மூச்சை இழுத்து வயிற்றை முதுகெலும்பில் ஒட்டவைப்பேன். "ஹா, பகுஸ்!" என்பார், நல்லது என்று. அடுத்த ஆளிடம் அவர் போனதும் வயிறு வீட்டுக்குத் திரும்பிவிடும்.

நிமிர்ந்து நிற்பது என்றால் வயிற்றை எக்குவது. எங்கள் தோட்டத்தில் எல்லாருக்கும் அதுதான் பாடம். பெரட்டில் தொரை முன்னால் நிற்கும்போதும் அப்படித்தான் நிற்போம். அதையே குதிரைமேல் ஏற்றினேன்.

"ஐயா, நெஞ்ச தூக்குங்க. வயித்த உள்ள இழுங்க. இன்னும் இழுங்க. அப்படியே பிடிச்சிக்கங்க, விட்டுராதீங்க."

"மூச்சு முட்டுதுப்பா மாணிக்கம்."

"முட்டட்டும் ஐயா. பழகிரும் லா."

"தொரை குதிரை மேல போறப்ப பைப் புகைக்கிறாரு, சிரிக்கிறாரு, கங்காணிய ஏசுறாரு. வயித்த இப்படி எக்கிக்கிட்டு ஒரு மனுசன் ஏச முடியுமா?"

"அவரு பொறந்ததுலேருந்து ஏறுறாரு. ஒங்களுக்கு மூணு வாரம்தான் ஐயா."

எவ்வளவு கெட்டிக்காரத்தனமான பதில் என்று அன்றைக்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன். மனிதர் சரியான கேள்வியைக் கேட்டார். நான் அதை வாயாலேயே அடைத்துவிட்டேன்.

ரூபி நடக்கும்போது பெரிய தொல்லை இல்லை. டிராட் போட்டு, குலுங்கிக் குலுங்கி ஓட ஆரம்பித்ததும் ஐயா சேணத்தின்மேல் சட்டியில் பொரிகிற கடலை மாதிரி எழும்பி எழும்பி விழுந்தார். தோள் காதைத் தொட்டது. தொடை இறுகி, குதிகால் மேலே போய், கால் ஸ்டிரப் வளையத்திலிருந்து நழுவியது. அதைப் பார்த்த நான் கொடுத்த வைத்தியம், "வயித்த இன்னும் இழுங்க ஐயா!"

அவர் மனைவி ரோசம்மா அக்கா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு, "மாணிக்கம், எங்க வீட்டுக்காரரு சாயங்காலம் சோறு கூடச் சாப்புட மாட்டேங்குறாரு. வயிறு வலிக்குதாம். குதிரைக்கு வலிக்காம இவருக்கு ஏன்டா வலிக்குது?" என்றார்.

"நல்லா ஏறுறாருன்னு அர்த்தம் அக்கா" என்றேன்.

3. மேட்டு வழி

மூன்று வாரம் முடிந்தது. ஐயா ரூபிமேல் மருந்துப் பையோடு கிளம்பினார். நான் பக்கத்தில் ஓட்டமும் நடையுமாகப் போனேன், முன்னும் பின்னும் துப்பாக்கியோடு இரண்டு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களும் அப்படியே. முதல் நாளே எல்லாப் பிள்ளைகளையும் பார்த்து முடித்தார். மேல் டிவிசன் பெண்கள் அவரைக் கும்பிட்டார்கள். திரும்பும்போது அவருக்கு வாயெல்லாம் பல்.

"மாணிக்கம், இருவத்தெட்டுப் பிள்ளைங்கப்பா. நடந்து வந்தப்ப பத்தைத் தாண்டினதில்ல. ஒனக்குப் புண்ணியமாப் போகும்."

அப்படி ஐந்து முறை போய்வந்தார். ஆறாவது முறை திரும்பி வரும்போது சரிவில், ஒரு ரப்பர் மரத்திலிருந்து காய்ந்த கிளை ஒன்று பக்கத்தில் விழுந்தது. ரூபி மிரண்டு ஒரு அடி பக்கவாட்டில் ஒதுங்கியது. ஒரே ஒரு அடி. பாயவில்லை, உதைக்கவில்லை. ஐயா, "வயித்த இழு, வயித்த இழு" என்று தனக்குத்தானே சொன்னது என் காதில் விழுந்தது. மூச்சு நெஞ்சில் நிற்க, கட்டை மாதிரி விறைத்து, அப்படியே தலைகுப்புறப் போய் மழைத்தண்ணீர் ஓடும் கானின் ஓரத்தில் விழுந்தார். இடுப்பில் எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. ரூபி நின்று திரும்பி அவரைப் பார்த்தது.

சாக்குக் கட்டிலில் போட்டுத் தூக்கி வந்தோம். அன்று சாயங்காலமே மலாக்கா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

மறுநாள் காலை தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ரிப்போர்ட் தாள் இருந்தது.

"மாணிக்கம். உண்மை சொல்லு. குதிரெ தப்பா? நீ சொல்லிக் குடுத்தது தப்பா? டிரஸ்சர் தப்பா?"

குதிரை தப்பு என்றால் ரூபியைச் சுட்டுவிடுவார்கள். என் தப்பு என்றால், ஏறத் தெரியாமலே தெரியும் என்று சொன்னது வெளியே வரும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போக வேண்டியதுதான். அந்தக் காலத்தில் கேட்டுக்கு வெளியே போகிறவனுக்கு அடுத்த தோட்டத்தில் இடம் கிடைப்பது லேசு இல்லை.

"நான் சொன்னபடி அவரு ஒக்காரல தொரை" என்றேன்.

தொரை எழுதிக்கொண்டார்.

4. இருமல் பாடம்

இரண்டு வாரம் கழித்து ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கையில் ஆரஞ்சு, மனசில் திருட்டு. ஐயா என்னைக் கண்டதும் சந்தோஷப்பட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

"வாப்பா வாப்பா. ஒன்னத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன். கையக் குடு."

என் கையை எடுத்துத் தன் இடுப்புக்கும் விலா எலும்புக்கும் நடுவில், பக்கவாட்டில் வைத்தார்.

"இப்ப இருமுறேன். கவனி."

லேசாக இருமினார். கைக்கு அடியில் சதை இறுகி வெளியே தள்ளியது.

"பாத்தியா? உள்ள போகல. சுத்தி இறுகுது. முன்னால, பக்கத்துல, முதுகுல, பெல்ட்டு போட்ட மாதிரி. படுக்கையிலேருந்து எந்திரிக்க முடியாம கெடந்தேன் மாணிக்கம். வயித்த எக்கி எந்திரிச்சா உயிர் போகுது. இருமப் போற மாதிரி சுத்தி இறுக்கிக்கிட்டு எந்திரிச்சா வலி பாதிதான். இறுக்கிக்கிட்டே மூச்சும் விடலாம், பேசலாம், இதோ பேசுறேன்ல?"

"ஆமாங்க ஐயா."

"தொரை இப்படித்தான்பா ஒக்காந்திருப்பாரு. அவருக்கே தெரியாது. வயித்த எக்கினா மூச்சு மேல போயிருது, ஒடம்பும் மேல போயிருது, இடுப்பு பூட்டிக்குது. குதிரை ஆடுறப்ப இடுப்பு கூட ஆடணும்ல? பூட்டின இடுப்பு எங்க ஆடும்? தெறிச்சி விழ வேண்டியதுதான்."

ஒரு மருந்துக்காரர் தன் உடம்பையே புத்தகமாக வைத்துப் படித்து முடித்திருந்தார். என்மேல் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. நான் சொன்னதைத் தான் தப்பாகப் புரிந்துகொண்டதாகவே நினைத்துக்கொண்டிருந்தார்.

"நீ இதத்தான் சொல்லியிருப்ப. எனக்குத்தான் வெளங்கல. தொரைகிட்டச் சொல்லுப்பா, எலும்பு கூடினதும் நான் திரும்ப ஏறுறேன். வேற ஆளப் போட்டுற வேணாம்னு சொல்லு."

"சொல்றேன் ஐயா" என்றேன்.

சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் தொரை ஏறும்போது கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்றைக்குச் சொல்லலாம் என்று நினைப்பேன். அவர் போய்விடுவார். நாளைக்கு என்று நினைப்பேன்.

இரண்டு மாதம் கழித்து ஐயா கைத்தடியோடு வந்து ஆபீஸ் வாசலில் நின்றார். அதற்குள் புது டிரஸ்சர் வந்துவிட்டார், தோட்டத்து வீடும் அவருக்குப் போய்விட்டது. நான் அங்கேதான் ரூபியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தொரை சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னார். "டிரஸ்சர், நீ நல்லவன். ஆனா மாணிக்கம் சொல்லிட்டான், நீ அவன் சொன்னபடி ஒக்காரலேன்னு. கம்பெனி கேக்குது. நான் என்ன செய்யும்?"

ஐயா திரும்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் இல்லை. பிள்ளைக்கு ஊசி போடும்போது சுளிப்பாரே, அந்த மாதிரி முகம் ஒரு தடவை சுளித்தது.

"மாணிக்கம் சொன்னது சரிதான் தொரை" என்றார். "நான்தான் சரியா ஒக்காரல."

சாமான்களை லாரியில் ஏற்றும்போது நான் ஒரு பெட்டியைத் தூக்கக் கை நீட்டினேன். "வேணாம் தம்பி, வச்சிரு" என்றார் ரோசம்மா அக்கா. அதுவரை என்னை அவர் 'டா' போட்டுத்தான் பேசுவார்.

5. பிறகு

பின்னாளில் நான் நிஜமாகவே குதிரையேறக் கற்றுக்கொண்டேன். மலாக்காவுக்கு அருகே பத்து பெரண்டாம் என்கிற ஊர்ப் பக்கம் ஒரு லாயத்தில் சொல்லிக்கொடுக்கிற வேலையும் கிடைத்தது. வருகிறவர்களை முதலில் கீழே நிற்கவைத்து, பக்கவாட்டில் கையை வைக்கச் சொல்லி, இருமச் சொல்வேன். 'இந்த இறுக்கம்தான். இதில் பாதி போதும். மூச்சு கீழே போய்வர வேண்டும். விலா எலும்பு இடுப்புக்கு நேர் மேலே நிற்க வேண்டும். முதுகை வளைக்கவும் வேண்டாம், கூனவும் வேண்டாம். குதிரைமேல் பாட்டுப் பாட முடிந்தால் சரியாக உட்கார்ந்திருக்கிறீர்கள். பாட முடியவில்லை என்றால் வயிற்றை எக்குகிறீர்கள்.' என் பாட்டைக் கேட்டுக் குதிரைகள் காதை மடக்கும். ஆனால் ஆள் விழமாட்டான்.

"மாஸ்டர், இத எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்பார்கள்.

"சொந்த அனுபவம் லா" என்பேன். சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

சூசை ஐயா பாச்சாங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்கு இருந்தார். ஒருமுறை எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தேன். உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு சீனப் பாட்டிக்கு மருந்து எப்படிச் சாப்பிடுவது என்று மலாயில் சொல்லிக்கொண்டிருந்தார். ரோட்டைத் தாண்டினால் பத்து அடி. வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன். பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டேன். அடுத்த வருஷம் மனசைத் தேற்றிக்கொண்டு போனபோது ஸ்டூலில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். ஐயா இறந்து நாலு மாதம் ஆயிற்று என்றார்.

இந்த வேலைக்கு வருகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு. தெரியாததைத் தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள், அன்றைக்குச் சொல்வதுதான் சுலபம். இரண்டாவது, மேலே எழுதியிருக்கிற இருமல் பாடம். என் பெயரைச் சொல்லி அதை யாருக்கும் சொல்லிக்கொடுக்காதீர்கள். அது டிரஸ்சர் சூசை கண்டுபிடித்தது. அவர் சரியாக உட்காரவில்லை என்று தோட்டத்து ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறது. அது பொய். நான் எப்படிச் சொல்லிக்கொடுத்தேனோ, அப்படியேதான் அவர் உட்கார்ந்தார்.