கடல் எப்போதும் வலப்பக்கம்

நான் நூறு மீற்றர் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஊரில் ஓடத் தெரியாதவர் என்று ஒருவரும் இருக்கவில்லை. ஓடியவன் நான் ஒருவன்தான். எப்படி ஓட வேண்டும் என்பது மற்ற எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சலூனில் தலைமயிர் வெட்டுகிறவர் என் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, "ஓடக்குள்ள இப்பிடி வச்சிக்கோ" என்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது, முன்பின் அறியாத ஒருவர் குனிந்து என் குதிக்காலைப் பார்த்துவிட்டு, "இதக் கீழ வைக்கப்படாது மவன், விரல்லதான் ஓடணும்" என்று சொல்லித் தன் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விடுவார். நான் எல்லாவற்றுக்கும் ஓம் என்பேன். மறுத்துக் கதைத்தால் நின்றுகொண்டே இருக்க வேண்டி வரும்.

பாடசாலை மைதானம் எனக்குக் கிடைக்கவில்லை. அது கிரிக்கெட்காரர்களின் சொத்து. விளையாட்டு ஆசிரியர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்கும் கிரிக்கெட்தான் உயிர். ஆகவே பின்னேரம் அஸர் தொழுகை முடிந்ததும் கடற்கரைக்குப் போவேன். அலை வந்து போகிற இடத்தில் ஈரமணல் இறுகிக் கிடக்கும். அதில் வெறுங்காலோடு ஓடலாம். தெற்கே ஓர் உடைந்த தோணி கவிழ்ந்து கிடந்தது. அது என் தொடக்கம். வடக்கே மீன்காரர்கள் வலை வைக்கிற வாடி. தென்னங்கிடுகு வேய்ந்த அந்தக் குடிசையின் நிழல் பின்னேரத்தில் நீண்டு அலை வரைக்கும் வரும். அது என் முடிவு.

முடிவு அங்கே இருந்ததற்குக் காரணம், ஆட்கள் அங்கே இருந்தார்கள். நிழல் எங்கேயோ ஆட்கள் அங்கே. வலை பொத்துகிறவர்கள், சும்மா இருக்கிறவர்கள், சும்மா இருப்பதற்காகவே அடுத்த ஊரான சாய்ந்தமருதிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள் எல்லோரும் வரிசையாகக் குந்தியிருந்து நான் வருவதைப் பார்ப்பார்கள். அவர்களுக்குள் இரண்டு பேர் தலைவர்கள்.

ஒருவர், மோட்டார் சைக்கிளின் பின்னால் ஐஸ் பெட்டி கட்டி நிந்தவூர் வரைக்கும் மீன் விற்கிறவர். மூத்த அண்ணன் மாதிரி என்பதால் நான் அவரைக் காக்கா என்பேன். அவருடைய கொள்கை கை. "பொத்திப் பிடிக்காத. கைய விரி. விரிச்சாத்தான் காத்து வெட்டுப்படும்." இதை அவர் மீன் வெட்டுகிற மாதிரியே காற்றில் வெட்டிக் காட்டுவார். மற்றவர் டிப்போவில் பஸ் ஓட்டிப் பென்ஷனோடு இளைப்பாறியவர். அவரை மாமா என்பேன். அவருடைய கொள்கை கியர். "எடுத்த உடன டொப் கியருக்குப் போகாத. எஞ்சின் திணறும். ஒண்டு, ரெண்டு, மூண்டு எண்டு கூட்டிக்கொண்டு போ. பக்கத்துல வாறவனப் பாக்காத. உன்ட ரோட்டப் பார்." காக்காவும் மாமாவும் ஒரு விடயத்திலும் ஒத்துப்போனதை நான் கண்டதில்லை. ஆனால் என் விடயத்தில் இருவருக்கும் ஒரே முடிவு: நான் வெல்லுவேன். "நீ ஒண்டும் யோசிக்காத. நீதான் வெல்லுவாய் எண்டு நாங்க முடிவெடுத்தாச்சு" என்று காக்கா சொல்வார், ஏதோ பள்ளிவாசல் நிர்வாகக் குழுவில் தீர்மானம் நிறைவேற்றிய மாதிரி.

அவர்களை நான் கேலி செய்கிற மாதிரி இருக்கும். கேலிதான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தோணியடியில் குனிந்து நின்று தலையை நிமிர்த்தும்போது தூரத்தில் அந்த வரிசை எழுந்து நிற்கும். "வா மவன்!" என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்தை நோக்கி ஓடுவது எனக்குப் பிடித்திருந்தது. ஓடி முடித்ததும் அவர்களோடு கொஞ்ச நேரம் நின்று பிழைகளைக் கேட்டுவிட்டு, மூச்சு வாங்கத் தோணி வரைக்கும் நடந்து திரும்புவேன். பிறகு மறுபடி ஓட்டம். பொழுதுபட்டு மஃரிப் வாங்கு சொல்லும் வரைக்கும் இதுதான். ஆளில்லாத பக்கம் பார்த்து ஓடலாம் என்று எனக்கும் தோன்றவில்லை, வேறு யாருக்கும் தோன்றவில்லை.

மாகாணப் போட்டி திருகோணமலையில் நடந்தது. முதல் இரண்டு பேருக்கு, கொழும்பில் நடக்கிற அகில இலங்கைப் போட்டியில் இடம். நான் இரண்டாவதாக வந்தேன். வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது ஒரு நடுவர் மஞ்சள் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தார். என் கோட்டை விட்டு இடப்பக்கத்துக் கோட்டுக்குள் போயிருக்கிறேன். அந்தப் பையனின் முழங்கையில் என் முழங்கை பட்டு அவன் தடுமாறியிருக்கிறான். எனக்கு அதெல்லாம் தெரியவே இல்லை. நேராக ஓடியதாகத்தான் நினைத்தேன். என்னைப் போட்டியிலிருந்து நீக்கிவிட்டார்கள்.

வாப்பாவின் தம்பி, என் சாச்சாவின் மகன் முடிவுக் கோட்டுக்கு அப்பால் நின்று ஓட்டத்தைக் கைத்தொலைபேசியில் பிடித்திருந்தான். மறுநாள் தேத்தண்ணிக் கடையில் அந்த வீடியோ சுற்றிச் சுற்றி ஓடியது. பிளேன்டீ ஆறிக்கொண்டிருந்தது, ஒருவரும் குடிக்கவில்லை. காக்கா விரலால் திரையை நிறுத்தி, "பாத்தியா, கைய பொத்தியிருக்கான். அதான் இழுத்திருக்கு" என்றார். மாமா பறித்துக் கொஞ்சம் பின்னால் ஓடவிட்டு, "இஞ்ச பார், தொடக்கத்திலயே டொப் கியர்" என்றார். சலூன்காரர் நாடியைக் கண்டார். ஒரே வீடியோ. ஆளாளுக்குத் தேடி வந்தது அதில் இருந்தது.

நான் எனக்குப் பின்னால் தெரிந்த விளக்குக் கம்பத்தைப் பார்த்தேன். கம்பம் நேராக நின்றது. நான் சாய்ந்திருந்தேன்.

அன்று பின்னேரம் கடற்கரையில் நான் வழக்கமாக ஓடுகிற இடத்தில் சும்மா நின்று பார்த்தேன். ஓடும்போது தெரியாதது நிற்கும்போது தெரிந்தது. கரை கடலை நோக்கிச் சரிந்து கிடக்கிறது. வடக்கே பார்த்து நின்றால் கடல் வலப்பக்கம். வலது கால் தாழ்வில், இடது கால் மேட்டில். கடலுக்குள் இழுபடாமலிருக்க உடம்பு தானாக இடப்பக்கம் பிடித்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்காக நான் ஒரே திசையில், கடலை வலப்பக்கம் வைத்தே ஓடியிருக்கிறேன். சமதரையில் விட்டால் அந்த உடம்பு எங்கே போகும்? இடப்பக்கம்தான். பக்கத்துப் பையன் மேலேதான்.

வாடி வடக்கே இருந்ததால் நான் வடக்கே ஓடினேன். ஆட்கள் வாடியில் இருந்ததால் நான் வாடிக்கு ஓடினேன். இதை நினைத்தபோது எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை.

வாப்பாவுக்கு ஹாட்வெயார் கடை. இப்போது அதில் நான்தான் இருக்கிறேன். அப்போது வாப்பா சொன்னார்: "இன்னொரு வருசம் ஓடு. அதுக்குப் பொறகு ஸ்கூல் போட்டிக்கு உனக்கு வயசும் போயிரும். இந்தத் தரம் கொழும்புக்குத் தெரிவாகாட்டி அடுத்த நாளே கடைக்கு வந்திரணும்." நியாயமான பேச்சு. எனக்கு மிச்சமிருந்தது ஒரேயொரு மாகாணப் போட்டி.

ஆகவே திசையை மாற்றினேன். வாடியடியிலிருந்து தொடங்கித் தோணியை நோக்கித் தெற்கே ஓடினேன். கடல் இடப்பக்கம். முன்னால் ஒருவருமில்லை, மணலும் நண்டுப் பொந்தும்தான். கால்கள் என்னுடையவை போலவே இல்லை. முதுகுக்குப் பின்னால் சத்தம் ஒன்றும் வரவில்லை. நடந்து திரும்பியபோது எல்லோரும் குந்தியபடியே இருந்தார்கள்.

"என்னடா, கோவமா?" என்று மாமா கேட்டார்.

"இல்ல மாமா."

"பிறகென்ன முதுகக் காட்டிக்கொண்டு ஓடுறாய்? முதுகப் பாக்கவா நாங்க வந்து இரிக்கிறம்?"

நான் விளக்கம் சொல்லவில்லை. நீங்கள் இருக்கிற இடந்தான் பிழை என்று எப்படிச் சொல்வது? அடுத்தடுத்த நாட்களில் வரிசை சிறுத்தது. சாய்ந்தமருது சைக்கிள்கள் நின்றன. ஒருநாள் பின்னேரம் காக்கா ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "எங்கட கதை பிடிக்கல்லெண்டா நேராச் சொல்லு மவன். நாங்க ஒண்டும் நினைக்க மாட்டம்" என்றார். நினைப்பார்கள் என்று அந்தக் குரலே சொல்லியது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அப்போதுதான் சொன்னேன். மணலில் நின்று காட்டினேன். கால் இரண்டையும் காட்டினேன், சரிவைக் காட்டினேன், வீடியோவில் கம்பத்தைக் காட்டினேன். மாமாவின் முகம் தெளிந்தது. "அப்ப வீல் அலைன்மன்ட் பிழை! ஒரு பக்கம் இழுக்கிற வண்டி! இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" என்றார். அவருக்கு அது சந்தோசமான செய்தி. பஸ்ஸில் பழுது எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

காக்கா சந்தோசப்படவில்லை. தண்ணீர்ச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். "நாங்க இஞ்ச இருந்ததாலதானே நீ இந்தப் பக்கம் ஓடினாய்?"

"மணல்தான் காக்கா பிழை."

"மணல் அங்கயும்தானே கிடக்கு" என்றார் அவர். பிறகு ஐஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் நான் போனபோது உடைந்த தோணியடியில் ஒரு கூட்டம் இருந்தது. அந்தப் பக்கம் நிழலென்று ஒரு துண்டு இல்லை. லொறிக்குப் போடுகிற படங்கு ஒன்றைக் கொண்டுவந்து இரண்டு கம்பில் கட்டியிருந்தார்கள். அது பாதிப்பேருக்குத்தான் காணும். மற்றவர்கள் தலையில் சாரத்தின் நுனியைப் போட்டுக்கொண்டு வெயிலில் குந்தியிருந்தார்கள். நடுவில் காக்கா. ஐஸ் பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அவருடைய ஐஸ் சீக்கிரம் கரைந்திருக்கும். கையை விரிக்கச் சொல்கிறவர்கள் எல்லோரும் தெற்கே வந்துவிட்டார்கள். கியர்க்காரர்கள் மாமாவோடு வடக்கே வாடியில். இரவோடிரவாகப் பேசிப் பிரிந்திருக்கிறார்கள். ஒரு வகையில் இரு தரப்புக்கும் நிம்மதி.

அதன் பிறகு நான் வடக்கே ஒரு தரம், தெற்கே ஒரு தரம் ஓடினேன். நடந்து திரும்புவதும் குறைந்தது. எந்தப் பக்கம் போனாலும் முன்னால் "வா!", பின்னால் "போ!" எந்தப் பக்கம் முடித்தாலும் ஒரு பிழை சொல்ல ஆள் இருந்தது. வாடியடியில் கியர் திருத்தப்படும், தோணியடியில் கை விரிக்கப்படும். சாய்ந்தமருது சைக்கிள்களும் திரும்பி வந்தன.

அடுத்த மாகாணப் போட்டிக்கு வேன் பிடித்து வந்தார்கள். மைதானத்துக்குள் நுழைந்ததும் எல்லோரும் முடிவுக் கோட்டுப் பக்கம்தான் இடம் பிடிப்பார்கள். உலக வழக்கம் அதுதான். எங்கள் ஆட்கள் உள்ளே வந்தார்கள், ஒருவரையொருவர் பார்க்கவுமில்லை, இரண்டாகப் பிரிந்தார்கள். மாமாவின் கூட்டம் முடிவுக்குப் போனது. காக்காவின் கூட்டம் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால், ஒரு மனிதரும் இல்லாத இடத்தில், வரிசையாகப் போய்க் குந்திக்கொண்டது. ஒரு உத்தியோகத்தர் வந்து, "இங்கயிருந்து ஒண்டும் தெரியாது, அங்கால போங்க" என்றார். "எங்களுக்கு இதான் இடம்" என்று காக்கா சொன்னது எனக்குக் கேட்டது. தொடக்கத்தில் சத்தம் போடக்கூடாது என்று சொல்லிவிட்டு உத்தியோகத்தர் போனார்.

வெடி வெடித்ததும் பின்னாலிருந்து "போ மவன்!" என்று கேட்டது. முன்னாலிருந்து "வா மவன்!" என்று கேட்டது. நான் என் கோட்டுக்குள்ளேயே ஓடினேன். இரண்டாவது இடம். ஒரு கொடியும் எழவில்லை.

கொழும்புப் போட்டிக்கு அவர்களால் வர முடியவில்லை. அந்தக் கிழமை கீரி மீன் கூட்டங்கூட்டமாக வலையில் பட்ட கிழமை, கரையை விட்டு ஒருவரும் அசைய முடியாது. மாமாவுக்குக் கண் ஒப்பரேஷன் செய்து கட்டுப் போட்டிருந்தது. கொழும்பில் ஓடுபாதை அவ்வளவு நேர்த்தியாக, அவ்வளவு சமமாக இருந்தது. ஆயிரம் பேர் கத்தினார்கள், அதில் ஒரு சத்தமும் எனக்கானதில்லை. முன்னால் ஒருவருமில்லை. பின்னாலும் ஒருவருமில்லை. முதல் சுற்றோடு வெளியே வந்துவிட்டேன். பெரிய துக்கம் என்று ஒன்றும் வரவில்லை. மற்றவர்கள் என்னைவிட வேகமானவர்கள், அவ்வளவுதான்.

பையைக் கட்டிக்கொண்டிருக்கும்போது காக்காவின் அழைப்பு வந்தது. பின்னால் தோணிச் சத்தமும் ஏலம் கூறுகிற சத்தமும். எத்தனையாவது என்று அவர் கேட்கவில்லை. யாரோ முதலே சொல்லியிருப்பார்கள்.

"கோட்டுக்குள்ள ஓடினியா?"

"ஓம் காக்கா."

"ஒருத்தனையும் இடிக்கல்லதானே?"

"இல்ல காக்கா."

அவர் ஏலக்காரரிடம் ஒரு விலை கூறினார். பிறகு, "கைய விரிச்சியா?" என்றார்.

நான் கையைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளங்கையில் நகம் பதிந்த அடையாளம் இன்னும் சிவப்பாக இருந்தது. அதைக் கண்டபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

"இல்ல காக்கா. பொத்தித்தான் பிடிச்சிருக்கன்."

"அதான் சொன்னன்! எத்தின தரம் சொன்னன்!" அவர் பக்கத்திலிருந்தவர்களிடம் திரும்பி, "பொத்திப் பிடிச்சிருக்கான்" என்று அறிவித்தார். அங்கே ஒரு ஆரவாரமே எழுந்தது. பிறகு என்னிடம், "சரி, வந்து சேர். நாளைக்கு அஸருக்குப் பொறகு கரைக்கு வா. அந்தக் கையப் பாப்பம்" என்றார்.

எனக்கு இனி வயது இல்லை என்பது அவருக்குத் தெரியும். ஓடுவதற்கு இனி ஒரு போட்டியும் இல்லை என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

"ஓம் காக்கா, வாறன்" என்றேன்.

போனேன். இரண்டு பக்கமும் இருந்தார்கள்.