ஹம் நின்றுபோன மேடை

அன்று அந்த எர்த் வயர் இல்லாமலேயே மெயின் சுவிட்சைப் போட்டிருந்தால் ஏதாவது நடந்திருக்குமா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. நடந்திருக்கும் என்று என்னால் நிரூபிக்க முடியவில்லை. நடந்திருக்காது என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு சவுண்ட் சிஸ்டம் குழுவில், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் பார்த்தவள். கல்யாணம், கோயில் திருவிழா, தஞ்சோங் டாவாயில் நிறுவன விருந்து என்று கெடா மாநிலம் முழுக்கப் போயிருக்கிறோம். இப்போது அந்த வேலையில் இல்லை. புதிதாக வருகிறவர்கள், அதிலும் கைக்குழந்தையோடு வருகிற பெண்கள், இதைப் படிக்க வேண்டும் என்று எழுதுகிறேன். எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து இரண்டு தரம் அழித்தும் விட்டேன்.

மாடி வகுப்பு

எங்கள் கேளிக்கைத் துறைத் தொழிலாளர் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசப் பயிற்சி நடத்துகிறது. ஒரு கடைவீட்டின் மாடி. ஒப்பனை, ஒளி, ஒலி, ஒப்பந்தத்தைப் படிப்பது எப்படி என்று பல வகுப்புகள். நான் மேடை மின்பாதுகாப்பு வகுப்பில் சேர்ந்தேன். மகள் அப்போது இன்னும் பால் குடித்துக்கொண்டிருந்தாள். மாமியாரிடம் விட்டுவிட்டு வந்து, தேநீர் இடைவேளையில் கழிப்பறைக்குள் நின்று பாலைப் பீச்சிக் கொட்டியிருக்கிறேன். அவ்வளவு அக்கறையாகப் படித்தேன்.

பயிற்றுநர் பினாங்கிலிருந்து வந்த சீனர். மலாயில் பாடம் நடத்துவார். சிலருக்கு வேகமான மலாய் பிடிபடாது என்பதால், நான் எழுந்து நின்று தமிழில் திருப்பிச் சொல்வேன். அவர் அடிக்கடி சொன்ன ஒரு வாக்கியத்தை நானும் அடிக்கடி சொன்னேன்: "மெயின் போடும் கடைசி நொடி வரைக்கும் யார் வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம். சொன்னவரை யாரும் ஏன் என்று குறை சொல்லக் கூடாது."

எங்கள் குழுவிலிருந்து செல்வம் அண்ணனும் அந்த வகுப்புக்கு வந்தார். எனக்குப் பக்கத்து நாற்காலி. சான்றிதழ் வாங்கும்போது இருவரும் சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம்.

அந்தப் பயிற்றுநருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எங்கள் குழுக்களில் நிகழ்ச்சிக்கு முன் மெயினை அணைத்து, ஆம்ப்ளிஃபயர்களை அடுக்கிய இரும்பு ரேக் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்து, முதலாளி சூடம் காட்டுவார். சூடம் எரிந்துகொண்டிருக்கும்போதே மெயினைப் போட வேண்டும்; அதற்குள் அணைந்தால் அபசகுனம். அந்த நேரத்தில் 'வேண்டாம்', 'நிறுத்து' என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. வகுப்பில் சொன்ன கடைசி நொடியும் இந்தச் சூடம் எரிகிற நேரமும் ஒன்றுதான். படிக்கும்போது இது எனக்கே உறைக்கவில்லை.

சுங்கை லாலாங்

தோட்டத்துக் கோயில் திடலில் கலைநிகழ்ச்சி. மத்தியானம் நல்ல மழை. இரும்புச் சட்டத்தின்மேல் போட்ட மேடை, மேலே விரித்த கம்பளம் எல்லாம் ஊறிப்போயிருந்தன. சவுண்ட் செக்கில் ஸ்பீக்கரெல்லாம் 'ம்ம்ம்' என்று இரைந்தது. இதை நாங்கள் ஹம் என்போம். வயர்களை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது மாமியார் போனில் கூப்பிட்டார்.

"புள்ளைக்கு ஒடம்பு கொதிக்குதும்மா. கிளினிக்குக்கு கொண்டு போவவா, நீ வர்றியா?"

கோயிலுக்குப் பின்னால் போய்ப் பேசினேன். எந்த மருந்து, எத்தனை சொட்டு, நான் வராவிட்டால் என்ன செய்வது என்று பேசிவிட்டுத் திரும்பி வந்தபோது ஹம் நின்றிருந்தது.

"பாத்தியா தங்கச்சி, நீ அந்தாண்ட போன, ஹம்மும் ஒன்கூடவே போயிருச்சு," என்றார் முதலாளி மாறன் அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள். செல்வம் அண்ணன் மட்டும் சிரிக்காமல், திருகு கழற்றவும் உதவுகிற டெஸ்ட் பென்னைப் பையில் செருகிக்கொண்டிருந்தார்.

ஹம் தானாகப் போகாது. அவசரத்துக்குப் பல குழுக்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. பிளக்கைத் திறந்து பச்சை மஞ்சள் எர்த் வயரைக் கழற்றிவிடுவார்கள். இரைச்சல் உடனே நிற்கும். ஆனால் கசிகிற மின்சாரம் மண்ணுக்குப் போகிற வழியும் அதோடு போய்விடும். பிறகு எங்கே கசிந்தாலும் ரேக்கின் இரும்புக்கு வரும், மைக் வயர் வழியாகப் பாடுகிறவரின் உதட்டுக்கு வரும். அன்று பாட இருந்தவர் வெறுங்காலோடு ஈரக் கம்பளத்தில் நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

மெயினை அணைத்துவிட்டார்கள். மாறன் அண்ணன் சூடத்தைக் கொளுத்தினார். செல்வம் அண்ணனின் கை மெயின் பக்கம் போனது.

"அண்ணே, போடாதீங்க. ரேக்ல எர்த் இல்ல," என்றேன்.

மாறன் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"என்னா சொன்ன?"

"எர்த்த கழட்டிட்டாங்கண்ணே. பிளக்க தொறந்து பாருங்க."

"சூடம் எரியுது தங்கச்சி. வாய மூடு."

"மேடை ஈரமா இருக்குண்ணே."

"எத்தன வருசமா ஓட்டுறேன், எவனாச்சும் செத்தானா? செல்வம், நீயும்தான அந்த கிளாஸுக்கு போன. நீ சொல்லு லா, போடலாமா வேணாமா?"

செல்வம் அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. "நீங்க சொல்றதுதாண்ணே," என்றார்.

அதற்குள் சூடம் அணைந்துவிட்டது.

நானே போய்ப் பிளக்கைத் திறந்தேன். எர்த் வயர் கழற்றி மடக்கி வைக்கப்பட்டிருந்தது. மாட்டினேன். திருகு இரண்டு முறை விழுந்தது. மறுபடி சூடம் கொளுத்தி மெயினைப் போட்டார்கள். ஹம் திரும்பி வந்தது. அதன் உண்மையான காரணத்தைத் தேட நேரமில்லை. நிகழ்ச்சி முழுக்க அது இரைந்துகொண்டே இருந்தது.

சிறப்பு விருந்தினராக வந்திருந்த டத்தோ முதல் வரிசையில் காதைத் தேய்த்துக்கொண்டார். கோயில் தலைவர் மிக்சருக்கே வந்துவிட்டார். "என்னாப்பா இது, மாடு கத்துற மாறி? சவுண்டுன்னு சொல்லித்தான காசு வாங்குனீங்க?"

பாடகி நன்றாகப் பாடினார். கைதட்டல் வாங்கினார். போகும்போது, தன் பக்கம் திருப்பி வைத்திருந்த ஸ்பீக்கரைக் காட்டி என்னிடம், "மானிட்டர் கொஞ்சம் மோசம்லா சிஸ்டர்," என்றார். அவ்வளவுதான். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

படம்

அதற்குப் பிறகு மாறன் அண்ணன் என்னை எந்த நிகழ்ச்சிக்கும் கூப்பிடவில்லை. மற்றக் குழுக்களிடம் வேலை கேட்டேன். எர்த் பற்றி யாரும் பேசவில்லை. "நீதான அந்த சூடத்த அணச்சவ?" என்றார் ஒருவர், சிரித்துக்கொண்டே. அந்தப் பெயர் எனக்கு முன்னால் எல்லா இடத்துக்கும் போயிருந்தது.

சங்கச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்லி மைலோ கொடுத்தார்.

"ஒங்கமேல ஒரு தப்பும் இல்லம்மா. ரொம்ப சரியா செஞ்சிருக்கீங்க. ஆனா மாறன் ஒங்கள வேலைய விட்டு நிப்பாட்டலயே, கூப்பிடலன்னுதான சொல்றீங்க. இதுக்கு நாங்க என்னா கேஸ் போடுறது?"

"அப்ப கிளாஸ்ல ஏன் சார் அப்படி சொல்லிக் குடுத்தீங்க?"

"அது பாதுகாப்பும்மா," என்றார்.

மாடிப்படியில் புதிய பதாகை தொங்கியது. 'திறனைக் கற்போம், உயர்வோம்' என்ற வரிக்குக் கீழே சான்றிதழோடு நானும் செல்வம் அண்ணனும் சிரித்துக்கொண்டிருக்கிறோம். அவர் இன்னும் மாறன் அண்ணனிடம்தான் இருக்கிறார். நான் கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. என் கணவர் ஒரே ஒரு முறை கேட்டார்: "தனியா கூட்டிப் போயி மெதுவா சொல்லியிருக்கலாம் இல்ல?" சொல்லியிருக்கலாம். சூடம் ஏற்றும் முன்பே ரேக்கைப் போய்ப் பார்த்திருக்கலாம். போனை எடுக்காமலும் இருந்திருக்கலாம், ஆனால் காய்ச்சல் என் பிள்ளைக்கு.

நான் கற்றுக்கொண்டது இதுதான்: இந்த வேலையில் விபத்தைத் தடுத்தவளிடம் காட்டுவதற்கு எதுவும் இருக்காது. இரைச்சல் மட்டும்தான் மிஞ்சும்.

இப்போது சங்கம் என்னை மறுபடியும் கூப்பிட்டிருக்கிறது. அதே வகுப்புக்கு, இம்முறை துணைப் பயிற்றுநராக. முதல் நாள் போனேன். ஒரு பெண் மடியில் தூங்கும் குழந்தையோடு பின்வரிசையில் இருந்தாள். அந்தக் கடைசி நொடி வாக்கியத்தை நான் தமிழில் சொன்னதும் கை தூக்கினாள்.

"அக்கா, அப்படி சொன்னா மறுநாள் வேலைக்கு கூப்பிடுவாங்களா?"

பயிற்றுநருக்குத் தமிழ் தெரியாது. என்ன கேட்கிறாள் என்று என்னைப் பார்த்தார். அடுத்த வாரம் சொல்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

வருகிற ஞாயிறு அவள் வருவாள். என்ன சொல்வது? நிறுத்து என்று சொல்லிக் கொடுத்தால் அவள் பிழைப்பு போகலாம். சொல்லிக் கொடுக்காவிட்டால் ஏதோ ஓர் ஈர மேடையில் யாரோ ஒருவர் உயிர். இதே வேலையில் இருக்கிறவர்கள், முதலாளிகளும்கூட, உங்களுக்குத் தெரிந்ததை எனக்கு எழுதுங்கள். 'தைரியமாகச் சொல்' என்று மட்டும் தயவுசெய்து எழுத வேண்டாம். அதை நான் ஏற்கெனவே தமிழில் சொல்லிவிட்டேன்.