தொழுவத்துக்குப் போகாத கணக்கு

பிள்ளைகளா, நான் எட்டாவதோட நின்னவன். எழுத்துல பிசகு இருந்தா நீங்களே திருத்திக்கங்க, அதுக்குத்தான் உங்களப் படிக்க வைக்கிறோம்.

என் மகள் அருப்புக்கோட்டைக் காலேஜுல கணக்குப் படிக்கிறா. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி ஒரு வாய் காப்பி குடிச்சதும், எங்க காலனி வீட்டு வாசல்ல பாயை விரிச்சிருவா. தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பா. பள்ளிக்கூடத்துல இந்தப் பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்சு. கக்கூஸ் கழுவ மட்டும் மொதப் பேரா கூப்பிடுவாக. அங்க வாயே திறக்காததுக, பாயில உக்காந்தா அப்படிக் கேள்வி கேக்கும்.

ஒருநாள் எங்க முதலாளி பைக்குல வந்தாக. அவுக காட்டுலதான் நானும் என் சம்சாரமும் பருத்தி எடுக்கிறோம். காலனி முக்குல நின்னுக்கிட்டாக. அதுக்கு மேல அந்த வண்டிக்கு வழி தெரியாது.

"ஏலே, எம் பேரன் பத்தாவது. கணக்குல முட்டை வாங்குறான். ஒம் மகள நாளையிலருந்து வீட்டுக்கு அனுப்பு."

"சரிங்க முதலாளி."

"பின்வாசல் வழியா வரச் சொல்லு. தொழுவத்துல சாக்கு விரிச்சுப் போடச் சொல்றேன். பேரன் மேல நாற்காலியில உக்காந்துக்குவான்."

நாங்க எடுத்த பருத்தி அவுக முன்வாசல் வழியாத்தான் உள்ள போகுது. கணக்கும் போகலாமாம். கணக்கு தெரிஞ்ச பிள்ளை மட்டும் மாட்டோட இருக்கணுமாம். நல்ல ஏற்பாடுதான், மாடாவது பாஸாகியிருக்கும்.

வீட்டுல சொன்னதும் சம்சாரத்துக்கு முகம் செத்துப்போச்சு. "போயிட்டு வரட்டுங்க. இல்லன்னா நம்மளக் காட்டுக்குள்ள விடுவாகளா?"

"போக மாட்டேன்ப்பா"ன்னா மகள். "அவனை இங்க அனுப்பச் சொல்லுங்க. பாயில எடம் இருக்கு."

"வேலை போயிரும் தாயி."

"நானே போயி சாக்குல உக்காந்தா, இந்தப் பிள்ளைக நாளைக்கு எங்கப்பா உக்காரும்?"

மறுநாள் போய் அவ சொன்னதையே சொன்னேன். முதலாளி ஏற இறங்கப் பாத்தாக. "ஒங்களப் படிக்க விட்டது தப்பாப்போச்சு"ன்னாக. என்னமோ அவுகதான் ஃபீஸு கட்டுன மாதிரி.

அந்த வருசம் எங்களைக் காட்டுக்குக் கூப்பிடல. ஷேர் ஆட்டோவுல நெருக்கியடிச்சு எம்.ரெட்டியபட்டிப் பக்கம் போய்ப் பருத்தி எடுத்தோம்.

அரையாண்டுலயும் பேரனுக்கு முட்டைதான். அப்புறம் வந்தான். தனிப் பாய், தனித் தண்ணி பாட்டில், தாத்தா உத்தரவு. கணக்கு கஷ்டமாக ஆக, அந்தப் பாய் நகர்ந்து நகர்ந்து எங்க பாயோட ஒட்டிக்கிருச்சு. பாட்டில் காலியானதும் எங்க குடத்துலயே மோந்து குடிச்சான். அவனுக்கு ஒண்ணும் ஆகல. கணக்கு மட்டும் கொஞ்சம் வந்துச்சு.

ரிசல்ட்டு வந்தப்ப பாயில உக்காந்த அம்புட்டுப் பேரும் பாஸ். கக்கூஸ் கழுவுன பிள்ளை ஒருத்திதான் கணக்குல பள்ளிக்கூடத்துலயே மொதல்.

முதலாளி டீக்கடையில மிட்டாய் கொடுத்தாக. கண்ணாடி கிளாஸு அவுகளுக்கு, பேப்பர் கப்பு எனக்கு. என் கை படாம ஒரு மிட்டாயைப் போட்டுட்டு, "கணக்கு எங்க ரத்தத்துலயே ஊறுனதுடா"ன்னாக.

மகள்கிட்டச் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே பாயை உதறி விரிச்சா.

"பதினொண்ணாவதுக்கும் அவன் இங்கதானப்பா வரணும். நுண்கணிதம் ரத்தத்துல எம்புட்டு ஊறியிருக்குன்னு பாத்துருவோம்."