இரும்புக் கைக்குத் தனிக்குடித்தனம்

அமெரிக்காவில் ராக்கெட் விடுகிறவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்தால், தேனி பஜாருக்குத்தான் டிரங்க் கால் போடுகிறார்கள். "லைன்லயே நில்லுங்க, டீயக் குடிச்சிட்டு வாரேன்" என்று சுகிர்தம் அக்கா போனை மேசைமேல் வைத்துவிடுகிறார். ராக்கெட் காத்துக்கிடக்கிறது. அக்கா இருக்கிற கடையில் போனே கிடையாதே என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். டீ உண்மை.

அந்த டீயையும் அவர் உட்கார்ந்து குடித்துப் பார்த்தவர் இல்லை. நின்றபடி ஒரு வாய், நடந்தபடி ஒரு வாய், மிச்சம் ஆறிப்போகும். அண்ணன் ராஜமணியின் ரேடியோ ரிப்பேர் கடைக்குள் வாசலுக்கும் சுவருக்குமாக நடந்துகொண்டே இருப்பார். கொண்டை ஊசியை உருவித் திருகாணி திருகுவார். கொண்டை அவிழ்ந்ததற்கு மின்விசிறியைத் திட்டுவார்.

கடைசி மேசை அவருடையது. குவைத்திலிருந்து சித்தப்பா கொண்டுவந்த கம்ப்யூட்டர் அதன்மேல் இருக்கிறது. டைப்ரைட்டரின் கட்டைகள் மட்டும் தனியே பிரிந்து வந்தது போல ஒன்று. அதற்கு முகம் ஒரு கறுப்பு வெள்ளை டி.வி.; வாய் ஒரு டேப் ரிக்கார்டர். சுவிட்சைப் போட்டதும் அதற்கு ஒரு எழவும் தெரியாது. 'பேசிக்' என்கிற பாஷையைக் கேசட்டிலிருந்து கால் மணி நேரம் ஊட்ட வேண்டும். கரண்ட் போனால் அத்தனையும் மறந்துவிடும். ஒன்பதாம் வகுப்பில் நானும் அப்படித்தான் இருந்தேன். என்னைக் காம்பஸும் கையுமாக வெளியே அனுப்பினார்கள். கம்ப்யூட்டரைப் பட்டுத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறார்கள்.

அதன் பக்கத்தில் அக்கா செய்த கை. தகரம், சைக்கிள் செயின், சின்னச் சின்ன மோட்டார்கள். கூடையிலிருந்து திராட்சைக் கொத்தை எடுத்து, வந்தவர் உள்ளங்கையில் வைக்கும். ஒரு பழம் நசுங்காது. ஆனால் பழைய பேசிக்கை ஊட்டியிருக்க வேண்டும். சென்னையிலிருந்து வந்த புதிய பேசிக் என்றால் கதை வேறு. பழையதிடம் 'பத்து எண்ணும்வரை விரலை மூடு' என்றால் கண் இமைப்பதற்குள் எண்ணிவிடும். புதியது அதே பத்தை ஆற அமர எண்ணும். அதுவரை விரல் மூடிக்கொண்டே போகும். கம்பத்துத் திராட்சை வியாபாரி மலைச்சாமியின் வெள்ளைச் சட்டையில் ஒரு கொத்து முழுவதும் சாறாக இறங்கியது அப்படித்தான்.

"ஏத்தா, எடுத்துக் குடுக்கச் சொன்னா பிழிஞ்சில்ல குடுக்குது!"

புதியதை எறியவும் முடியாது. கல்யாண வீடுகளில் ராஜமணி அண்ணன் கட்டுகிற சீரியல் பல்புகளை ஓட்டுவது அதுதான். "புதுசுதான் வந்திருச்சுல்ல. கையையும் இதுக்கு மாத்தி எழுதிட்டுப் போயேன்" என்பார் அண்ணன்.

"விரல மாத்துனா முழங்கை கோவிக்கும்ணே. முழங்கையச் சரிக்கட்டுனா தோள்பட்டை கோவிக்கும்."

கடைசியில் அக்காவே தீர்ப்புச் சொன்னார்: "ஒரே அடுப்புல ரெண்டும் பொங்காது. தனிக்குடித்தனம் வச்சிர வேண்டியதுதான்." இரண்டு பிஸ்கட் டப்பாக்கள் வந்தன. ஒன்றில் 'கை', இன்னொன்றில் 'பல்பு' என்று பெயின்ட்டில் எழுதினார். அதனதன் பேசிக் கேசட், அதனதன் ஒயர், ஸ்குரூடிரைவர்கூடத் தனித்தனி. அங்கன உள்ள குண்டூசி இங்கன வரக்கூடாது. ஒரு டப்பாவை மூடி மற்றதைத் திறக்குமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு டீ. பழைய பாஷை மண்டையை விட்டு முழுசாக இறங்க வேண்டுமாம். யார் மண்டை என்று கடை எடுபிடியான நான் கேட்டதில்லை.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. கரண்டிக்குக்கூடப் பேர் வெட்டுகிற வீட்டில் பிறந்தவர், டப்பாவில் எழுதினார், கேசட்டில் எழுதவில்லை. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே கறுப்பு.

போன வாரம் கம்பத்தில் திராட்சைக் கண்காட்சி. வாசலில் நின்று கொத்துக் கொடுக்கக் கைக்கு அழைப்பு. கடையில் ரிப்பேருக்கு வந்த மிக்சிகள் இடமில்லாமல் தரையில் கிடந்தன. "அங்கன மானத்த வாங்குச்சுன்னா, மேசையக் காலி பண்ணிரு. மிக்சிக்கு வேணும்" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அன்று பூராவும் அக்கா டீயைத் தொடவில்லை.

பந்தலில் டப்பாவைத் திறந்தவர் அப்படியே நின்றார். பஸ்ஸில் இடத்தை அடைக்கிறதென்று ராஜமணி அண்ணன் இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டிக் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு வீட்டு ஆளுகளுக்கு எதுக்கு ரெண்டு டப்பா? ஒண்ணப் போட்டுத்தான் பாரேன்."

"தப்பா ஏத்திட்டா இன்னொரு கால் மணி வேணும்ணே. அந்தா, அதிகாரி ஜீப்பு வந்திருச்சு. மாலை போட்டு முடிக்கிறதுக்குள்ள ஒண்ணுதான் ஏத்த முடியும்." சொல்லிக்கொண்டே பந்தல்காலை மூன்று தரம் சுற்றி வந்தார். பிறகு இரண்டு கேசட்டையும் எடுத்து வெயிலில் சாய்த்தார்.

பிளாஸ்டிக்கில் கீறல்கள். ஒன்றில் முறுக்கு மீசையோடு, காதில் பென்சில் செருகிய ஒரு முகம். அச்சு அசல் பல்பு கட்டுகிற ராஜமணி அண்ணன். இன்னொன்றில் ஒரு திராட்சைக் கொத்து. அக்கா டீக்குப் போன நேரத்தில் எவனோ ஒரு போக்கிரி செய்த வேலை. தேனியில் போக்கிரிகளுக்கா பஞ்சம்?

அக்கா கொத்துப் படம் இருந்த கேசட்டை ஊட்டினார். அது ஏறி முடிவதற்குள் கடித்துக் கடித்து அவருடைய ஒரு கை நகம் முழுவதும் தீர்ந்தது. மாலையோடு வந்த அதிகாரி உள்ளங்கையை நீட்டினார். மலைச்சாமி சட்டையைப் பொத்திக்கொண்டு தள்ளி நின்றார். கை இறங்கியது, மூடியது, நிமிர்ந்தது. அதிகாரியின் கையில் கொத்து ஒரு பழம் உதிராமல் உட்கார்ந்தது.

"எவன்டா என் மீசையக் கீறுனது?" அண்ணனுக்கு அதுதான் கவலை.

"ஆனா மீச நல்லா வந்திருக்குண்ணே" என்றேன்.

மேசை தப்பியது. மிக்சிகள் இன்னும் தரையில்தான் கிடக்கின்றன. நேற்று அக்கா ஒரு புதுக் கேசட்டைப் பிரித்து என் மடியில் போட்டார்.

"தோள்பட்டைய மட்டும் தனியாப் பிரிக்கப்போறேன். என்ன படம் போடலாம்ங்கிற?"

"எனக்குப் படமெல்லாம் எங்கக்கா வரும்?"

என் சட்டைப்பைக்குள் கையை விட்டுக் காம்பஸை எடுத்தார். முள்நுனியில் கறுப்புத் தூள். அதை ஊதிவிட்டு என் கையில் திணித்தார்.

"வெட்டுலே."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சூடு ஆறுவதற்குள் டீயைக் குடிக்க ஆரம்பித்தார்.