எனக்காகப் போட்ட நடைபாதை

எண்பதுகளின் பின்பாதியில் நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இருந்தேன். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு. அங்கிருந்து பஸ் ஏறி டவுனுக்கு வர வேண்டும். பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கடைவீதியை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நடந்தால், ஒரு மருந்துக்கடைக்குப் பின்புறம் இன்ஸ்டிடியூட். டவுன் எது என்று இங்கே சொல்லப்போவதில்லை. அந்த வீதியில் கடை வைத்திருந்தவர்களின் பிள்ளைகள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள்.

சின்ன வயதில் வந்த போலியோவில் என் இடது கால் சூம்பிப்போய்விட்டது. தொடையிலிருந்து பாதம் வரைக்கும் இரும்புக் கம்பியும் தோல்வாரும் சேர்ந்த காலிப்பரைக் கட்டி, அதற்கென்றே சேலத்தில் செய்து வாங்கிய கனத்த பூட்ஸை மாட்டிக்கொண்டுதான் நடப்பேன். பார்வைக்குப் புடவை அதை மறைத்துவிடும். சத்தத்தை ஒன்றும் செய்ய முடியாது. நான் வருவது கடைக்காரர்களுக்குத் தலை நிமிராமலே தெரியும்.

கடைவீதி அப்போது எப்படி இருந்தது என்றால், கடைகள் எல்லாம் ஆளுக்கு இரண்டு படி வீதிக்குள் இறங்கியிருந்தன. படிக்கு முன்னால் உர மூட்டை, கயிற்றுச் சுருள், பிளாஸ்டிக் குடம். அதற்கும் முன்னால் திறந்த சாக்கடை; ஆங்காங்கே கடக்க ஒரு பலகை. நடுவீதியில் லாரி நின்று ஜவ்வரிசி மூட்டை ஏற்றும். லாரிச் சக்கரத்துக்கும் சாக்கடைக்கும் நடுவில் மிச்சமிருந்த இடம்தான் நடக்கிறவர்களுக்கு. மற்றவர்கள் தாண்டிக் குதித்துப் போவார்கள். என்னால் குதிக்க முடியாது. கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல்தான் அந்த வீதியில் நடந்தேன். எந்தப் பலகை ஆடும், எந்தக் கல் பெயர்ந்திருக்கும் என்பதெல்லாம் அத்துபடி. கடைகளின் பெயர்ப்பலகைகளைப் படித்ததாக நினைவில்லை.

ஆடி நோம்பிப் பண்டிகைக்கு முந்தைய வாரம். வீதி நிறையக் கூட்டம். ஒரு லாரி பின்பக்கமாக நகர்ந்து வந்தது. கிளீனர் வண்டியின் பக்கவாட்டில் தட்டித் தட்டி, "வரட்டும், வரட்டும்" என்று கத்திக்கொண்டிருந்தான். சனங்கள் ஓரமாக ஒதுங்கினார்கள். நானும் ஒதுங்கினேன். பின்னால் நின்ற யாரோ நகர, எனக்கு நிற்க இடமில்லாமல் ஒரு பலகையில் கால் வைத்தேன். பலகை புரண்டது. சாக்கடைக்குள் உட்கார்ந்த மாதிரி விழுந்தேன்.

அடி பெரிதாக இல்லை. ஆனால் புடவை தொடைவரை சுருண்டுபோய், காலிப்பரும் அதற்குள் இருந்த குச்சிக் காலும் வெளியே தெரிந்தன. என் அம்மாவைத் தவிர அந்தக் காலை அதுவரை யாரும் முழுதாகப் பார்த்ததில்லை. சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். வயசுப் பெண்ணைத் தொட்டுத் தூக்கலாமா என்று ஆண்களுக்குத் தயக்கம் இருந்திருக்கும். நின்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என்னாலும் கையை ஊன்றி எழ முடியவில்லை. கையை எடுத்துப் புடவையை இழுத்துவிடவும் முடியவில்லை.

அந்த இடத்தில், இரும்புச் சாமான் கடைக்கு முன்னால் சாக்கடைமேல் போட்ட கல்லில், ஓர் அம்மாள் வேகவைத்த மரவள்ளிக் குச்சிக்கிழங்கு விற்றுக்கொண்டிருப்பார். அவரிடம் நான் அதுவரை பேசியதுகூட இல்லை. அவர் எழுந்து வந்து, கிழங்குக் கூடையை மூடியிருந்த துணியை உருவி முதலில் என் காலின் மேல் போட்டார். அப்புறம்தான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். கூட்டத்தைப் பார்த்து, "பாக்கறதுக்கு என்னங்க இருக்குது, அக்கட்ட போங்க" என்று சத்தம் போடாமல் சொன்னார். தன் குடிதண்ணீரை ஊற்றியே என் காலைக் கழுவிவிட்டார்.

"காலுக்கு ஒண்ணும் ஆவலீங்க அம்மிணி. இரும்புதான் கோணிக்கிச்சு" என்றார்.

வீட்டில் பஸ் படியில் வழுக்கிவிட்டதாகச் சொன்னேன். அப்பா உரம் வாங்க டவுனுக்குப் போன இடத்தில் நடந்தது நடந்தபடி அவர் காதுக்கு வந்துவிட்டது. என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராக அந்த வார்டு கவுன்சிலரைப் பார்க்கப் போனார். கவுன்சிலர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்.

கடைவீதியைத் திருத்த வேண்டும் என்ற பேச்சு அதற்கு முன்பே நகராட்சியில் இருந்தது. இரண்டு பக்கமும் கருங்கல் விளிம்பு வைத்து நடைபாதை போடுவது, சாக்கடையைக் கல் போட்டு மூடுவது, கடைப்படிகளை உள்ளே தள்ளுவது, பகலில் லாரிகளை வீதிக்குள் விடாமல் நிறுத்துவது. வியாபாரிகள் ஒத்துக்கொள்ளாததால் அது அப்படியே கிடந்தது. அப்பா போய்ச் சொன்னதும், என்னையும் கூட்டிக்கொண்டு வியாபாரிகள் கூட்டத்துக்கு வரும்படி கவுன்சிலர் சொல்லியனுப்பினார். சும்மா வந்து உட்கார்ந்தால் போதும் என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

ஒரு கல்யாண மண்டபத்தில் சாயங்காலம் கூட்டம். நானும் அப்பாவும் முன்வரிசையில் உட்கார்ந்தோம். இரும்புச் சாமான் கடைக்காரர் எழுந்து, வண்டி வராத வீதியில் வியாபாரம் எப்படி நடக்கும், கடை வாசலில் சரக்கு இறக்க முடியாவிட்டால் கூலி இரட்டிப்பாகாதா என்று கேட்டார். அவர் கேட்டது நியாயமில்லை என்று சொல்ல முடியாது. பலரும் தலையாட்டினார்கள். கவுன்சிலர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னை மேடைக்குக் கூப்பிட்டார். அப்பா கை கொடுத்து ஏற்றிவிட்டார்.

"இந்த அம்மிணி நம்ம வீதியிலதானுங்க வேலைக்கு வருது. எப்படி நடக்குதுன்னு நீங்களே பாருங்க" என்று மைக்கில் சொன்னார் கவுன்சிலர். பிறகு மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, என்னிடம் தணிந்த குரலில், "அந்தக் கடைசி வரைக்கும் ஒருக்கா நடந்து காட்டு சாமி" என்றார்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம் என்பது இன்றைக்குத் தோன்றுகிறது. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் பெரியவர் ஒருவர் சொன்னதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை. நடந்தேன். மரப்பலகை மேடை. காலிப்பரின் சத்தம் மண்டபம் முழுக்கக் கேட்டது. மறுமுனைக்குப் போனால் இறங்க வழியில்லை. கல்யாண நாற்காலிகளை மடக்கி அடுக்கி வைத்திருந்தார்கள். திரும்பி அவ்வளவு தூரமும் நடந்து வந்தேன். ஒருமுறை பார்த்திருக்க வேண்டியதை எல்லாரும் இரண்டுமுறை பார்த்தார்கள். இரும்புச் சாமான் கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். யாரோ ஒரு பெண் மூக்கைச் சிந்தினார். அதற்கப்புறம் எதிர்த்துப் பேச ஆளில்லை.

சாக்கடையில் விழுந்தது தற்செயல். இது அப்படி இல்லை. என் இரண்டு கால்களாலும் நானே நடந்து காட்டியது. அதனால்தானோ என்னவோ, அந்த மேடையை நினைத்தால்தான் இன்றும் முகம் சூடாகிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். என் பக்கத்து இடம் காலியாகத்தான் இருந்தது. எங்கள் நிறுத்தத்தில் இறங்கி, வண்டித்தடத்தில் பாதி தூரம் வந்த பிறகு, "நடக்கச் சொல்லுவாருன்னு எனக்குத் தெரியாது சாமி" என்றார். அவருக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும்; அதைச் சொல்வதற்குள் அவர் வேகமாக முன்னால் வீட்டுக்குப் போய் மாட்டுக்குச் சோளத்தட்டு அள்ளிப்போடத் தொடங்கிவிட்டார்.

வேலை தொடங்கியது. படிகளை இடித்தார்கள். தகரக் கூரைகளைக் கழற்றினார்கள். லாரிகள் வீதி முனையிலேயே நின்றன. அங்கிருந்து தலைச்சுமையாக மூட்டைகள் வந்தன. சாக்கடை மூடப்பட்டு, அதன்மேல் இரண்டு ஆள் சேர்ந்து நடக்கும் அகலத்துக்கு நடைபாதை வந்தது. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட என்னைக் கூப்பிட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் படுத்துக்கொண்டேன்.

கொஞ்ச நாளில் ஒரு மாணவி தன் தோழிக்குக் கடை ஒன்றுக்கு வழி சொன்னதைக் கேட்டேன். "நொண்டி பிளாட்பாரத்துலயே நேரா போ, சோத்தாங்கைப் பக்கம் வரும்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் நான் நிற்பதைப் பார்த்தாள். அவள் முகம் செத்துப்போயிற்று. அந்தப் பெயர் ஊரெல்லாம் புழங்குவது அப்படித்தான் எனக்குத் தெரிந்தது. படி இடிபட்ட கடைக்காரர்களில் யாரோ கோபத்தில் வைத்த பெயர். பிறகு கோபமில்லாதவர்களும் அதையே சொன்னார்கள். நான் ஒன்றும் கேட்காதவள் போல டைப்ரைட்டர் ரிப்பனை மாற்றிக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நடைபாதையில் ஏறவே கூசியது. விளிம்பை ஒட்டிக் கீழே ரோட்டிலேயே நடந்தேன். எனக்காகப் போட்டதை விட்டுவிட்டு நான் ரோட்டில் நடப்பதைப் பார்த்துக் கடைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ.

ஒருநாள் காலை பஸ் முன்னதாகவே வந்துவிட்டது. கடைகள் திறக்கவில்லை, வீதியில் பால்காரர்களைத் தவிர ஆளில்லை. மேலே ஏறி நடந்தேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் உணர்ந்தேன், நான் தரையைப் பார்க்கவில்லை. தலையை நிமிர்த்தி நடந்துகொண்டிருந்தேன். கடைகளுக்கு மாடிகள் இருந்தன. ஒரு மாடியின் கைப்பிடிச் சுவரில் சுண்ணாம்பில் செய்த மயில் ஒன்று இருந்தது. எத்தனையோ வருஷமாக அதன் அடியில் போய்வந்திருக்கிறேன். இத்தனை சுகமாகவா மற்றவர்கள் நடக்கிறார்கள் என்று தோன்றியது. சந்தோஷம் தாங்காமல் இன்னொரு தடவை நடக்கலாமா என்று நினைத்தபோது இரும்புச் சாமான் கடை வந்தது. கிழங்குக்கார அம்மாள் உட்கார்ந்திருந்த இடம் சுத்தமாக, வெறுமையாக இருந்தது.

நடைபாதை போட்டபோது தரைக்கடைகளை எல்லாம் எடுத்துவிட்டிருந்தார்கள். எனக்கு அது தெரியாமல் இல்லை. தினமும் அந்த இடத்தைத் தாண்டித்தானே போனேன். அவர் எங்கே போனார் என்று ஒருவரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு விசாரித்தேன். சந்தைப்பேட்டை வாசலில் இருப்பதாகச் சொன்னார்கள். சாயங்காலம் போனேன். மாட்டுவண்டிகளுக்கு நடுவில், புழுதியில் உட்கார்ந்திருந்தார். கூடையில் கிழங்கு பாதிக்கு மேல் இருந்தது. என்னைப் பார்த்ததும், "வாங்க அம்மிணி" என்று ஒரு கிழங்கை எடுத்து உப்பு தூவிக் கொடுத்தார். இங்கே விற்கிறதா என்று கேட்டேன்.

"அங்க பஸ்ஸுக்குப் போற சனம். பசியோட வரும். இங்க மாட்ட வித்துப்போட்டு வர்றவன் கெளங்கா திம்பான்?" என்று சாதாரணமாகச் சொன்னார். பிறகு அவரே கேட்டார்: "இப்ப நடக்கறதுக்கு நல்லா இருக்குதுங்களா அம்மிணி?"

இல்லை என்று சொல்லிவிட்டால் அவருக்கும் எனக்கும் கணக்கு சரியாகிவிடும் போல இருந்தது. பொய் சொல்ல வரவில்லை. "நல்லா இருக்குதுங்க" என்றேன். "அது போதும்" என்றார். அவர் மனசாரச் சொன்னாரா, வாய்வார்த்தைக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பாதிக் கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பினேன்.

அடுத்த வாரம் கவுன்சிலர் வீட்டுக்குப் போனேன். அப்பாவும் வந்தார், ஆனால் உள்ளே வராமல் கேட்டுக்கு வெளியில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். வீதி வளைகிற இடத்தில் பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டி நடைபாதை அகலமாக இருக்கிறது, தரைக்கடைக்காரர்கள் சுவரோரம் உட்கார்ந்தால் நடக்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லை என்று சொன்னேன். கவுன்சிலர் யோசித்துவிட்டு, வியாபாரிகளை மறுபடியும் கூட்டுகிறேன், நீயே வந்து சொல்லு என்றார்.

அதே மண்டபம். "வர்றேனுங்க. ஆனா நடக்க மாட்டேன்" என்று முன்பே சொல்லியிருந்தேன். மேடையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு பேசினேன். இரண்டு தடவை நிறுத்த வேண்டியிருந்தது. விழுந்த அன்றைக்கு என்னைத் தூக்கியது யார் என்று சொன்னேன். இரும்புச் சாமான் கடைக்காரர்தான் முதலில், "அந்தம்மா உக்காரட்டுங்க, செவுத்தோரம்தானே" என்றார். மற்றவர்கள் முனகினாலும் தடுக்கவில்லை.

கிழங்குக்கார அம்மாள் திரும்பி வந்தார். அவரோடு எலுமிச்சம்பழம் விற்கிறவரும், சீப்பு ஊசி விற்கிறவரும் வந்தார்கள். பழைய வியாபாரம் அப்படியே வந்துவிடவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் தள்ளிய இடம் அது. நான் முதல் நாள் போய் நின்றபோது அவர் எழுந்து நின்று, "வாங்க டீச்சரம்மா" என்றார். அம்மிணி என்று அதற்கப்புறம் அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. மண்டபத்தில் நான் பேசியதை யாரோ அவரிடம் பெரிதாகச் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நிற்காதீர்கள் என்று எத்தனையோ தடவை சொன்னேன். சிரித்துக்கொண்டே எழுந்தார். இடத்தை வாங்கிக் கொடுத்து அவரை எழுந்து நிற்க வைத்துவிட்டேன் என்பதும் என் கூச்சங்களோடு சேர்ந்துகொண்டது.

அப்பா மட்டும் கடைவீதிக்குள் வரவே மாட்டார். உரக்கடைக்குப் போவதென்றாலும் பின்சந்து வழியாகச் சுற்றிப் போவார். சில வருஷம் கழித்து அவருக்குக் கண்ணில் புரை விழுந்து, ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப்போனேன். திரும்பும்போது சந்து வழியெல்லாம் மழைச் சேறு. வேறு வழியில்லாமல் கடைவீதியில் வந்தோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, நடைபாதையின் உள்பக்கமாக நடந்தார். கூட்டம் இரண்டு பக்கமும் ஒதுங்கிப் போயிற்று. பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டத்தில் வந்ததும் நின்று, செருப்பால் கல்லைத் தேய்த்துப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் போட்டிருக்கறாங்க" என்றார்.

"ஆமாங்கப்பா" என்றேன்.

பஸ் புறப்படும் நேரம். தோளிலிருந்து கையை எடுக்காமலே வந்தார்.